‘செம்பு பாய்லர்’ வாங்கப் போகிறீர்களா? பிளேடும் காந்தமும் கையில் இருக்கட்டும்

முதல் மாடல் ஸ்டீம் எஞ்சினுக்கு பாய்லரை மட்டும் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், நான் 7,800 ரூபாய் தொலைத்த கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எஞ்சின் என் கைவேலைதான். பித்தளைக் கம்பியில் கடைந்தது. சிலிண்டரே ஆடி ஆடி நீராவியை உள்ளே வாங்கி வெளியே விடும் எளிய வகை. கம்ப்ரசர் காற்றில் படபடவென்று ஓடியது. பாய்லர் என்றால்தான் எனக்குப் பயம். அதனால் “முழுக்கச் செம்பு, சில்வர் பிரேசிங், 3 பாருக்கு டெஸ்ட் செய்தது” என்ற விளம்பரத்தை நம்பினேன். (சில்வர் பிரேசிங் என்றால் வெள்ளி கலந்த உலோகத்தை உருக்கி இணைப்புகளை ஒட்டுவது. பார் என்பது அழுத்தத்தின் அளவு.)

வந்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது. லேத் பட்டறை அண்ணன் வாங்கிப் பார்த்ததும் ஓரத்து இணைப்பில் பிளேடால் கீறினார். சுருள் சுருளாக வந்தது. “தம்பி, இது ரேடியோவுக்கு வைக்கிற ஈயம்.” அப்புறம் காந்தத்தை வைத்தார். இரண்டு மூடிகளிலும் கப்பென்று ஒட்டியது. இரும்புக்குச் செம்பு முலாம்!

குக்கரில் வெயிட் தூக்கும்போது உள்ளே சுமார் 1 பார்தான். 3 பாரில் நீராவியின் சூடு 143 டிகிரியைத் தொடும். அந்த ஈயமோ 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். தண்ணீர் வற்றியது தெரியாமல் அடியில் தீ எரிந்தால், நடுவில் இருக்கும் 40 டிகிரி எந்த மூலைக்கு? சில்வர் பிரேசிங் இளக 600 டிகிரிக்கு மேல் வேண்டும்.

பைப் லைன் சோதிக்கும் கை பம்பை பிளம்பரிடம் இரவல் வாங்கி, பாய்லரில் தண்ணீரைத் தளும்ப நிரப்பி அழுத்தினோம். (காற்றடித்துச் சோதிக்காதீர்கள். தண்ணீர் என்றால் பீய்ச்சியடிப்பதோடு போகும். காற்று என்றால் வெடிக்கும்.) புது பாய்லர் வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 6 பார் தாங்க வேண்டும். இது 2 பாரிலேயே ஓரத்தில் கசிந்தது. அழுத்தம் 3 பாரைத் தாண்டினால் தானே திறந்து நீராவியை வெளியே விட வேண்டிய சேஃப்டி வால்வைத் தனியாகப் போட்டுப் பார்த்தோம். 5 பார் ஏற்றியும் திறக்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது அப்போதுதான்.

விற்றவரை அழைத்தேன். “பிளேடால் கீறியது உங்க தப்பு சார், இனி திருப்பி எடுக்க முடியாது” என்றார். கீறாத மூடியில் காந்தம் ஒட்டுகிறதே என்றேன். லைன் கட்.

விளம்பரம் அதே படத்தோடு இன்னும் இருக்கிறது. இப்போது 4 பார் என்று போட்டிருக்கிறார்.