சால்மன் ஆற்றில் ஏடிவி: சட்டமா, பாறாங்கல்லா, பருவத் தடையா, பாலமா?

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்து ஒரு மணி நேரம் காரோட்டினால் கினிக் ஆற்றுப் படுகை வந்துவிடும். பனியாற்றிலிருந்து இறங்கும் சாம்பல் நிறத் தண்ணீர், அதன் இருபுறமும் பரந்து கிடக்கும் சரளையும் மணலும். வெயிலடிக்கும் சனிக்கிழமைகளில் ஏடிவி என்ற நாலு சக்கரக் காட்டுவழி மோட்டார் வண்டி, ஜீப், பெரிய டயர் மாட்டிய லாரி என்று எல்லாம் அங்கே இரைந்துகொண்டிருக்கும். அதே சமவெளியில் ஜிம் க்ரீக் என்று ஒரு சிறு ஓடை இருக்கிறது. கோடை முடியும்போது கோஹோ என்ற வகை சால்மன் மீன் கடலிலிருந்து இதில் ஏறி வரும். உள்ளூர்க்காரர்கள் அதை சில்வர் என்பார்கள். மீன் வந்தால் பின்னாலேயே தூண்டில்காரர்களும் வந்துவிடுவார்கள்.

வண்டிக்காரர் ஒரு கட்சி, தூண்டில்காரர் எதிர்க்கட்சி என்று பிரித்துவிட்டால் எழுதுவது சுலபம். ஆனால் பலர் இரண்டு கட்சியிலும் இருக்கிறார்கள். தூண்டிலையும் ஐஸ் பெட்டியையும் ஏடிவியின் பின்னால் கட்டிக்கொண்டுதான் ஆற்றுக்கே வருகிறார்கள். அதனால் வண்டியை ஒழிக்கும் பேச்சு அங்கே எடுபடாது. ஆற்றின் அடித்தளத்திலிருந்தும் கரையிலிருந்தும் வண்டியை எப்படி விலக்கி வைப்பது என்று மட்டும் பார்க்கலாம். அதற்கு நாலைந்து வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆற்றைக் கடக்க வேறு ஒரு நல்ல இடம் கொடுக்காமல் போடும் தடை எதுவும் நிலைப்பதில்லை.

சக்கரம் என்ன செய்கிறது

பெண் சால்மன் வாலால் சரளையை அடித்துக் குழி பறித்து, முட்டையிட்டு, மேலே கற்களைத் தள்ளி மூடிவிடும். கோஹோ இலையுதிர் காலத்தில் இடும் முட்டை குளிர்காலம் முழுக்கக் கல்லுக்கடியில் கிடக்கும். பொரிந்த குஞ்சும் மஞ்சள்கருப் பையோடு அங்கேயே தங்கி, வசந்தம் போகும் சமயத்தில்தான் மேலே வரும். அத்தனை மாதமும் கல்லிடுக்குகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் அவற்றுக்கு மூச்சு.

அந்தக் கற்களின் மேல் கால் வைத்தால் என்ன ஆகும்? 1992இல் வெளியான ஒரு மொன்டானா ஆய்வு இதைச் சோதித்தது. சால்மனின் நெருங்கிய உறவான ட்ரவுட் மீனின் முட்டைகளைச் சரளைக்குள் புதைத்து, அதன் மேல் ஆட்களை நடக்க விட்டார்கள். முட்டை வளரும் காலம் முழுக்கத் தினம் இரண்டு முறை நடந்தபோது 96 சதவீதம் வரை அழிந்தன. பொரிவதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு தடவை நடந்ததற்கே 43 சதவீதம் வரை போனது. ரப்பர் பூட்ஸ் போட்ட மனிதனுக்கே இந்தக் கணக்கு என்றால், நாலு சக்கரத்தில் ஏறி வரும் சில நூறு கிலோ என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. ஏடிவிக்காரரைப் பார்த்துக் கத்தும் தூண்டில்காரர் தன் பூட்ஸையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

நசுங்குவதைவிடப் பெரிய சேதம் வண்டலால் வருகிறது. வண்டி ஏறி இறங்கும் இடத்தில் கரை இடிந்து, நுண்ணிய மண் தண்ணீரில் கலந்து, கீழே உள்ள சரளை இடுக்குகளை அடைத்துவிடும். அதனால் வண்டி கடந்த இடத்தில் முட்டையே இல்லாவிட்டாலும், சற்றுக் கீழே இருக்கும் முட்டைகள் மூச்சுத் திணறும். கோஹோ குஞ்சுகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பிறந்ததும் கடலுக்கு ஓடாமல் ஓராண்டோ இரண்டாண்டோ நன்னீரிலேயே வளரும் மீன் இது. மரத்தைக் கடித்து அணை கட்டும் பீவர் என்ற விலங்கு உண்டாக்கிய குட்டைகள், புல் மூடிய சிறு வாய்க்கால்கள்தான் அதன் வீடு. வண்டிக்காரர் கண்ணுக்கு அது சேறு, குதூகலமாக இறங்கலாம்!

டயரைப் பற்றி ஒன்று. டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றோடு வினைபுரிந்து கோஹோவைக் கொல்லும் நஞ்சாக மாறுகிறது என்று 2020இல் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது நகரச் சாலைகளிலிருந்து வழியும் மழைநீரின் கதை. அந்தப் பழியையும் ஏடிவி தலையில் கட்ட வேண்டாம், அதன் கணக்கில் ஏற்கெனவே போதுமானது இருக்கிறது.

சட்டமும் அனுமதிச் சீட்டும்

காகிதத்தில் பார்த்தால் அலாஸ்காவின் சட்டம் கடுமையானது. கடலிலிருந்து ஏறி வரும் மீன்களுக்கு முக்கியம் என்று பட்டியலிட்ட ஆறு, ஏரி, ஓடைகளின் படுகையில் சக்கர வண்டியோ சங்கிலிச் சக்கர வண்டியோ இறக்க வேண்டுமானால், மாநில மீன்–வேட்டைத் துறையின் எழுத்துபூர்வ அனுமதி முன்கூட்டியே வேண்டும். அந்தப் பட்டியலில் ஏறத்தாழ 20,000 நீர்நிலைகள் இருக்கின்றன.

ஓட்டை எங்கே என்றால், யாராவது போய்ப் பார்த்து மீன் இருப்பதைப் பதிவு செய்த இடம்தான் பட்டியலில் ஏறும். அலாஸ்கா மாதிரிப் பெரிய இடத்தில் பார்க்காத ஓடைகள் ஏராளம். கோஹோ குஞ்சு ஒளிந்திருக்கும் பெயரில்லாத வாய்க்காலை இந்தச் சட்டத்துக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் நிலத்தில் இருக்கிறது. மாநிலப் பொது நிலத்தில் 1,500 பவுண்டு, அதாவது சுமார் 680 கிலோ வரை எடையுள்ள ஏடிவி அனுமதி இல்லாமலே சுற்றலாம். ஆழமான தடம் விழக்கூடாது, தண்ணீர் கெடக்கூடாது என்பதுதான் நிபந்தனை. ஆக, நிலம் திறந்திருக்கிறது, தண்ணீர் மூடியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வேலியும் கிடையாது, கோடும் கிடையாது. தடம் ஆழமா இல்லையா, அதை இந்த வண்டிதான் போட்டதா என்று அதிகாரி நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கூட்டாட்சி அரசின் நிலத்தில் இது தலைகீழ். 1972இல் நிக்சனும் 1977இல் கார்ட்டரும் பிறப்பித்த ஆணைகளில் தொடங்கி, 2005இல் வனத்துறை கொண்டுவந்த விதியில் முடிந்த கதை அது. தேசிய வனங்களில் மோட்டார் வண்டிக்கு எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று வரைபடம் போட்டுவிடுவார்கள், அதில் இல்லாதது எல்லாம் மூடியது. வரைபடத்தில் கோடு இல்லாத இடத்தில் வண்டி நின்றால் விவாதத்துக்கே இடமில்லை. இரண்டு முறைகளில் எது ஆற்றுக்கு நல்லது என்று கேட்டால், தயங்காமல் வரைபட முறைதான் என்பேன்.

ஆனால் அதைக் கினிக்கில் அப்படியே கொண்டுவர முடியாது. 2006இல் மாநிலச் சட்டமன்றம் சுமார் 2,60,000 ஏக்கரைப் பொதுப் பயன்பாட்டுப் பகுதியாக அறிவித்தபோது, மோட்டார் வண்டிப் பொழுதுபோக்கையும் அதன் நோக்கங்களில் ஒன்றாக எழுதி வைத்துவிட்டது. அங்கே முழுத் தடை கேட்டுப் போனால் சட்டத்தோடேயே மோத வேண்டும்.

பாறாங்கல்லும் தடுப்புக் கதவும்

மலிவான வழி. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு, நடுவே ஒரே பாதை என்றால் நாலு பாறாங்கல் போதும். காட்டுக்குள் ஒடுங்கிய பள்ளத்தாக்குகளில் இது நன்றாகவே வேலை செய்யும்.

கினிக் மாதிரித் திறந்த சமவெளியில் பாறாங்கல் வெறும் அலங்காரம். சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள், சுற்றிப் போன தடம் அடுத்த வாரமே புதுப் பாதை ஆகிவிடும். பனியாற்று வெள்ளம் வந்தால் ஆறே இடம் மாறிவிடும், பாறை மட்டும் அர்த்தமில்லாமல் நின்றுகொண்டிருக்கும்.

பருவத் தடை

கேட்க நியாயமாக இருப்பது இதுதான். மீன் முட்டையிடும் காலத்தில் மட்டும் மூடுவோம், மற்ற நாளில் ஓட்டிக்கொள்ளட்டும். மேசையில் உட்கார்ந்து பார்த்தால் இரு தரப்புக்கும் பொருந்தும் சமரசம்.

நாள்காட்டியைப் பார்த்தால்தான் சங்கடம் தெரியும். அலாஸ்காவின் சாலையோர மாவட்டங்களில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குச் செப்டம்பர் முக்கியமான மாதம். ஒரு மூஸ் விழுந்தால் நூற்றுக்கணக்கான கிலோ இறைச்சி. காட்டுக்குள்ளிருந்து அதை முதுகில் சுமந்து வருவது லேசான காரியமில்லை, ஏடிவி வாங்குவதே அதற்காகத்தான் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அதே செப்டம்பரில்தான் கோஹோ ஓடைகளில் ஏறி நிற்கிறது. மூடச் சொல்லும் மாதமும் ஓட்டியே ஆக வேண்டிய மாதமும் ஒன்று. இந்தத் தடையை மதிப்பவர் ஏற்கெனவே கவனமாக ஓட்டுபவராகத்தான் இருப்பார்.

சரி, செப்டம்பரைத் தாண்டினால்? முட்டை அடுத்த வசந்தம் வரை கல்லுக்கடியில் இருக்கிறது. அப்புறம் குஞ்சு மேலே வந்து, புது மீன் ஏறி வருமுன் கோடைத் தொடக்கத்தில் ஒரு சிறு இடைவெளி. அப்போதும் வளரும் கோஹோ குஞ்சுகள் ஓடையில்தான். ஆற்றுப் படுகைக்கு வண்டி பொருந்தும் காலம் என்று பெரிதாக எதுவுமே மிஞ்சுவதில்லை. நிலம் உறைந்து பனி மூடிய பிறகு ஓட்டுவது சதுப்பு நிலத்துக்கு நல்லதுதான், செப்டம்பர்ச் சிக்கலை அது தீர்க்காது.

பலகையும் பேச்சும்

'சால்மன் முட்டைகள், விலகிச் செல்லவும்' என்ற பலகை, மன்றக் கூட்டங்கள், தன்னார்வலர்களின் துப்புரவு நாள். செலவு குறைவு, பகை இல்லை. முட்டைக்குழி எப்படி இருக்கும் என்று ஒருவருக்குக் காட்டிவிட்டால் அவர் அதன் மேல் ஓட்டமாட்டார் என்பதை நம்புகிறேன். காட்டப்படாதவர்களுக்கு இது உதவாது. தனியாக நிற்கும் வழி இல்லை.

பாலமும் கெட்டிப்பட்ட பாதையும்

இதற்குச் சரியான உதாரணம் ராங்கல்–செயின்ட் இலையாஸ் தேசியப் பூங்காவின் நபெஸ்னா பகுதி. அங்கே டனாடா ஏரிக்குப் போகும் பாதை மோசமான நிலைக்குப் பேர் போனது. அடியில் நிரந்தர உறைபனி, மேலே பாசி மெத்தை. வண்டி ஏறினால் மெத்தை கிழியும், உறைபனி உருகும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். அடுத்து வருபவர் சேற்றைத் தவிர்க்கப் பக்கத்தில் ஓட்டுவார், அதற்கடுத்தவர் இன்னும் தள்ளி. இப்படியே ஒரு பாதை பின்னல் பின்னலாகப் பிரிந்து அகன்றுகொண்டே போகும்.

டனாடா ஓடை, சாக்கை என்ற இன்னொரு வகை சால்மன் ஏறும் ஓடை. அது காப்பர் ஆற்றில் கலக்கும் இடம் பாட்சுல்னேட்டாஸ், அட்னா பழங்குடியினரின் பழைய மீன்பிடி முகாம். அங்கே மீன் பிடிக்க 1964இல் மாநிலம் தடை போட்டதும், கேட்டி ஜான் என்ற மூதாட்டி பல்லாண்டு வழக்காடி அந்த உரிமையை மீட்டதும் அலாஸ்காவில் எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. 1980இன் கூட்டாட்சி நிலச் சட்டப்படி, வயிற்றுப்பாட்டுக்கு வேட்டையும் மீன்பிடியும் செய்யும் உள்ளூர் கிராமவாசிகளுக்கு, பாரம்பரியமாகப் பயன்பட்ட தரைவழிப் போக்குவரத்தைத் தொடர உரிமை உண்டு. 'எல்லா வண்டியும் வெளியே' என்பது இங்கே சட்டத்துக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது.

வண்டிகளால் பாதைகள் கெடுவதை எதிர்த்து 2006இல் சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. பூங்கா நிர்வாகம் ஒன்பது பாதைகளை ஆராய்ந்து 2011இல் திட்டத்தை முடிவு செய்தது. சாரம் இதுதான்: கெட்டுப்போன பாதையைச் சீர்செய்வது, தேவைப்பட்டால் மேட்டு நிலத்துக்கு மாற்றுவது, பொழுதுபோக்கு வண்டிகளை நல்ல நிலையில் இருக்கும் பாதையில் மட்டும் விடுவது. ஈரமான இடங்களில் துளையுள்ள பிளாஸ்டிக் பலகைகளைக் கோத்துப் பதிக்கும் முறையையும் பூங்காத் துறையினர் அலாஸ்காவில் பல வருடங்களாகச் சோதித்து வந்திருக்கிறார்கள். பலகையின் துளை வழியே புல் முளைக்கும், வண்டியின் எடை பரவும், சேறு ஆகாது. சேறு இல்லை என்றால் யாரும் பக்கத்தில் ஒதுங்கி ஓட்டுவதில்லை. போலீஸே இல்லாமல் வண்டி ஒரே கோட்டில் போவதைத்தான் நான் வெற்றி என்பேன்.

இந்த வழிக்கும் குறை உண்டு. பாதை நன்றாக இருந்தால் வண்டி அதிகம் வரும் என்பது உண்மையான ஆட்சேபம். காட்டுக்குள் சாமான் கொண்டுபோவதே பெரும் செலவு. செலவைக் குறைக்கப் பாலத்துக்குப் பதில், பாதைக்கடியில் ஓடையை விடும் குழாய் வைத்தால் கதை வேறு விதமாகக் கெடும். குழாயின் கீழ்ப்பக்கம் மண் அரித்து, வாய் தண்ணீருக்கு மேலே தொங்கும். பெரிய மீன் தாவிவிடலாம், விரலளவு கோஹோ குஞ்சு என்ன செய்யும்? கினிக் இருக்கும் மாட்சூ வட்டாரத்தில் அப்படிப்பட்ட பழைய சாலைக் குழாய்களைப் பெயர்த்து அகலமானவற்றை வைக்கும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. செய்வதானால் கரையிலிருந்து கரைவரை தாண்டும் பாலமாகச் செய்ய வேண்டும்.

எங்கே எது

கீனாய் தீபகற்பத்தில் ஹோமர் நகருக்கு அருகே உள்ள ஆங்கர் ஆறும் ஃப்ரிட்ஸ் க்ரீக்கும் 1985 முதல் முக்கிய வாழிடப் பகுதி. அங்கே பாதையை விட்டு வண்டி ஓட்டத் தனி அனுமதி வேண்டும். சமீப ஆண்டுகளில் கிங் சால்மன் வரத்து இளைத்து, அந்த வட்டாரத்தில் கிங் பிடிப்பதையே மூட வேண்டி வந்தது. ஒரு மீன்கூட எடுக்காதே என்று தூண்டில்காரரிடம் சொல்லிவிட்டு, அதன் முட்டை மேல் வண்டி ஓடுவதை விட்டுவைக்க முடியாது. அங்கே சட்டத்தை இறுக்குவதே சரி.

டனாடாவுக்குக் கெட்டிப்பட்ட பாதைதான், வேறு பேச்சில்லை.

ஜிம் க்ரீக்தான் கடினம். முட்டையிடும் சரளையிலிருந்து விலகிய ஓரிரு இடங்களைத் தேர்ந்து பாலம் போட வேண்டும். வெள்ளம் அடித்துக்கொண்டு போகாத மேட்டில் போட வேண்டும். பாலம் திறந்த பிறகு, அதே மாதத்தில் மற்ற கடவுகளைப் பாறையும் மரமும் போட்டு மூட வேண்டும். அதற்குப் பிறகு வரைபடமும் அபராதமும். முன்பின்னாகச் செய்தால் பணம் வீண்.

பணத்துக்கு ஓரகன் மாநிலத்தைப் பார்க்கலாம். அங்கே ஏடிவி அனுமதிக் கட்டணமும் பெட்ரோல் வரியில் ஒரு பங்கும் சேர்ந்து, பாதை பராமரிப்புக்கும் காவலுக்கும் மானியமாகப் போகிறது. வண்டிக்காரர் கட்டும் காசில் வண்டிக்காரருக்கே பாலம். தூண்டில் உரிமத்துக்கு வருடா வருடம் கட்டணம் கட்டிப் பழகிய அலாஸ்காக்காரருக்கு, ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கும் ஒரு கட்டணம் கட்டுவது அவ்வளவு அந்நியமான யோசனையாக இருக்காது.