மொட்டைமாடியில் ஏழு கோடை: செத்ததும் பிழைத்ததும்

சென்னையில் மேடவாக்கம் பக்கம் எங்கள் வீடு. 2018 ஆடியில் பன்னிரண்டு பைகளோடு மாடித்தோட்டம் ஆரம்பித்தேன். அடுத்த தை வருவதற்குள் அது அறுபத்திரண்டு பைகளாகிவிட்டது. தோட்டம் போட்டவர்களுக்கு இந்த வியாதி தெரிந்திருக்கும். கத்தரி காய்த்தது, வெண்டை காய்த்தது, கீரை கடைக்கே போகவில்லை. எனக்குக் கைராசி என்று நானே நம்பத் தொடங்கிய நேரத்தில் 2019 கோடை வந்தது.

அந்த வருஷம் சென்னையில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். முந்தைய ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்திருந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று ஊருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் ஜூனில் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, நடைக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் போரில் காலையில் அரை மணி நேரம்தான் தண்ணீர் ஏறும், அப்புறம் காற்று. தெருவில் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறார்கள், நான் மாடியில் நாளைக்கு நூற்றைம்பது லிட்டர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலே தேவலை.

அன்று முதல் செடிகளுக்கு நல்ல தண்ணீரை நிறுத்தி, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினேன். வீணாகும் தண்ணீரைப் பயன்படுத்துகிறேன் என்று பெருமை வேறு. இரண்டே வாரத்தில் இலை ஓரமெல்லாம் ஊதுபத்தியால் சுட்ட மாதிரி கருகியது. வெயில்தான் காரணம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பீன்ஸ் முதலில் போனது, பிறகு மிளகாய், பிறகு தக்காளி. ஆனி முடிவில் எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது பைதான் மிச்சம்.

காரணம் புரிய ஒரு வருஷம் ஆயிற்று. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை ஐந்நூறு ரூபாய்க்குள் வாங்கி அளந்தேன். போர் தண்ணீரே லிட்டருக்கு 1,700 மில்லிகிராம். ஆர்.ஓ. கழிவு 2,600ஐத் தொட்டது. போதாததற்கு, நான் பைகளில் நிரப்பிய தென்னை நார்க்கழிவைக் கழுவவே இல்லை. அதிலேயே உப்பு இருக்கும். சாதாரண வருஷத்தில் வடகிழக்கு மழை பையை அலசி, உப்பை அடித் துளை வழியே தள்ளிவிடும். 2018இல் அந்த மழையும் ஏமாற்றிவிட்டது. ஆக, செடிகள் தாகத்தில் சாகவில்லை. நான் உப்புத் தண்ணீர் ஊற்றிக் கொன்றேன். பை ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்து நின்றதை ஏதோ பூஞ்சை என்று நினைத்து வேப்பெண்ணெய் தெளித்த புத்திசாலி நான்.

வெயில் காலத்தில் தோட்டம் வாடினால் எல்லோரும் முதலில் "தண்ணி பத்தலையோ?" என்றுதான் கேட்கிறார்கள். என் மாடியில் பாதி மரணங்களுக்குத் தண்ணீர்ப் பற்றாக்குறை காரணமே இல்லை. என்ன தண்ணீர், எத்தனை சூட்டில் இருக்கும் வேரில் ஊற்றுகிறோம், இந்த இரண்டும்தான்.

சூட்டுக்கு வருகிறேன். 2020இல் வீட்டிலேயே அடைந்து கிடந்தபோது சமையல் தெர்மாமீட்டரை எடுத்துப்போய் மே மாதம் மதியம் இரண்டு மணிக்குக் கறுப்புப் பையில் குத்திப் பார்த்தேன். மேற்குச் சுவரோரப் பையில் 46 டிகிரி. வெள்ளை நிறப் பையில், நிழலில், 37. அந்த 46 டிகிரிப் பையில் தண்ணீர் தாராளமாக இருந்தது, இலை மட்டும் தொங்கிக் கிடந்தது. வேர் வெந்துகொண்டிருந்தால் எப்படி உறிஞ்சும்? அன்றே எல்லாப் பைகளையும் சுவரை விட்டு நகர்த்தி, நெருக்கி, ஒன்றுக்கொன்று நிழல் தருகிற மாதிரி கூட்டமாக வைத்தேன். வெளிவரிசைப் பைகளுக்கு மட்டும் வீட்டுக்காரரின் பழைய வேட்டிகளைச் சுற்றினேன். அடியில் இரண்டிரண்டு செங்கல். தரைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். செலவென்று பார்த்தால் சுண்ணாம்புக்கும் பிரஷ்ஷுக்கும்தான். இத்தனை வருஷத்தில் காசுக்கு இத்தனை பலன் தந்த வேலை வேறெதுவும் இல்லை.

இன்னொன்று, ஹோஸ் பைப். வெயிலில் கிடந்த பைப்பைத் திறந்ததும் முதலில் வருவது கிட்டத்தட்ட கொதிநீர். அதை அப்படியே தண்டுக்கீரை நாற்றில் விட்டு ஒரு தட்டு நாற்றையும் அவித்திருக்கிறேன். சாயங்காலம் மாடித் தொட்டித் தண்ணீரும் சூடாகத்தான் இருக்கும். அதனால் இப்போது காலை ஆறு மணிக்கு முழுத் தண்ணீர். சாயங்காலம் வாடியது தெரிந்தால் மட்டும், கீழ்க் குழாயில் பிடித்து ஒரு சொம்பு.

நிழல்வலை பற்றி எல்லோரும் கேட்பார்கள். முதலில் வெயிலை 75 சதவீதம் மறைக்கும் வலை வாங்கினேன், அதிகம் என்றால் நல்லது என்ற கணக்கில். வெண்டை கொக்கு மாதிரி நெட்டையாக வளர்ந்து நின்றது, பூ இல்லை. அதைக் கழற்றிக் காருக்கு மேல் கட்டிவிட்டேன், காருக்கு ரொம்ப நன்றாக இருக்கிறது. பிறகு 50 சதவீதம். இது சரி. ஆனால் ஐந்தடி உயரத்தில் கட்டியபோது உள்ளே அனல் தங்கியது. ஏழரை அடிக்கு உயர்த்தி, கிழக்கையும் தெற்கையும் திறந்துவிட்ட பிறகுதான் பலன் தெரிந்தது. சென்னையில் மதியம் கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் பிழைத்தோம். அது தாமதமாகிற நாள்தான் நாற்பதைத் தாண்டும் நாள். வலையை வருஷம் முழுக்க விட்டு வைக்காதீர்கள். ஆவணிக்கு மேல் என் வலை மடித்து உள்ளே போய்விடும்.

சொட்டு நீர் 2022இல் போட்டேன். கிட் விற்றவர், தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் டிரிப்பரில் விலை கூடியதைத் தலையில் கட்டினார், எல்லாச் செடிக்கும் ஒரே அளவு விழும் என்றார். அந்த வகைக்கு நல்ல அழுத்தம் வேண்டுமாம். எங்கள் தொட்டி பைகளைவிட நாலடிதான் உயரம். முதல் வரிசைக்கு ஏதோ கொஞ்சம் வந்தது, கடைசி வரிசையில் நாக்கை நனைக்கக்கூடக் காணோம். அதைக் கழற்றிவிட்டு, கையால் திருகித் திறந்து மூடும் சாதாரண வகையைப் போட்டேன். இன்றுவரை ஓடுகிறது. ஆனால் உப்புத் தண்ணீருக்கு எந்த டிரிப்பரும் அடைக்கும். 2023 வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காக நாலு நாள் வெளியூர் போனோம். டைமர் போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் முப்பத்தெட்டில் பதினோரு பை காய்ந்து கருவாடு. இப்போது வாரம் ஒருமுறை பைப்பின் கடைசி மூடியைத் திறந்து ஓடவிடுகிறேன், மாதம் ஒருமுறை டிரிப்பர்களை வினிகரில் ஊறப்போடுகிறேன். அப்படியும் ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துவிட்டுத்தான் போகிறேன்.

அந்த அக்காவின் முறை வேறு. பெரிய டிரம்களில் எலுமிச்சையும் முருங்கையும் வைத்திருக்கிறார். ஒவ்வொரு டிரம்மிலும் கழுத்து வரை ஒரு மண்கலயம் புதைத்து, தண்ணீர் நிரப்பி, மேலே ஓடு வைத்து மூடிவிடுவார். கசிந்து கசிந்து வேருக்குப் போகும். மூன்று நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். நானும் பைகளில் செய்து பார்த்தேன். பாதிப் பையைக் கலயமே அடைத்துக்கொண்டது, செடிக்கு இடமில்லை. டிரம்முக்குத்தான் அது. அக்காவுக்கும் இரண்டு வருஷத்தில் கலயத்தின் துளைகளை உப்பு அடைத்துவிட்டது, மாற்றினார்.

நல்ல தண்ணீர் எனக்குக் கடைசியில் கிடைத்த இடம் ஏசி குழாய். அளந்தால் டிடிஎஸ் 30க்குள். சென்னைப் புழுக்கத்துக்கு இரண்டு ஏசியும் சேர்ந்து ராத்திரிக்குப் பதினான்கு லிட்டர் வரை கொடுக்கின்றன. அதோடு அரிசி, பருப்பு கழுவிய தண்ணீர். இவற்றைப் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து, உப்பு தாங்காத மிளகாய்க்கும் நாற்றுகளுக்கும் விடுகிறேன். மற்றவற்றுக்குப் போர் தண்ணீரே. கோடையில் ஒரு திடீர் மழை வந்தால் குடையோடு மாடிக்கு ஓடி, தொட்டி, அண்டா, குழந்தைகளின் பழைய டப் எல்லாவற்றையும் விரித்துவைக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

மண் காயாமல் மேலே பரப்பும் மூடாக்கு இல்லாத பை ஒன்றுகூட இப்போது இல்லை. காய்ந்த வேப்பிலை, தேங்காய் மட்டை, கரும்புச் சாறு கடையில் சும்மா கொடுக்கும் சக்கை. சக்கையை ஒரு வாரம் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். ஈரத்தோடு போட்டதில் எறும்பு படையெடுத்தது, எறும்பு வந்தால் பின்னாலேயே மாவுப்பூச்சி.

பூச்சிகளில் கோடைக்கு மோசமானது செம்பேன். இலைக்கு அடியில் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. இலை வெளிறி மண்தூள் தூவியது போல ஆகும்போதுதான் தெரியும். இரண்டு நாளைக்கு ஒருமுறை அதிகாலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி குறைந்துவிடுகிறது. வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு ஐந்து மில்லி, சோப்புக் கரைசலோடு, வெயில் இறங்கிய பிறகு.

என்ன பயிர் நிற்கும்? தக்காளியைச் சித்திரை, வைகாசியில் நான் விட்டுவிட்டேன். செடி பச்சைப்பசேல் என்று நிற்கும், பூ பூவாகக் கொட்டும், ஒன்றுகூடப் பிடிக்காது. பகல் சூட்டைவிட ராத்திரி சூடு ஆறாததுதான் அதற்கு ஆகவில்லை என்று தோன்றுகிறது. பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் தளம் விடியும்வரை அனல் விடுகிறது. கோவையில் அண்ணி வீட்டுத் தோட்டம் தரையில் இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. அவர் கோடையிலும் தக்காளி பறித்துப் படம் அனுப்பும்போது எனக்கு ஏற்படும் உணர்ச்சியை இங்கே எழுத வேண்டாம். கொத்தமல்லி ஒரு ஜாணில் பூத்துவிடும். முள்ளங்கி வெறும் இலை.

கொத்தவரை எதையும் சட்டை செய்யாது. வெண்டையும் அப்படியே, மாசியில் விதைத்துவிட்டால். பங்குனி கடைசியில் போட்டதற்கு மஞ்சள் தேமல் வந்து பிடுங்கிப் போட்டேன். பருப்புக்கீரை அந்த 2,600 டிடிஎஸ் ஆர்.ஓ. கழிவிலும் சாகாமல் கிடந்த ஜீவன். கத்தரியில் பழைய செடிதான் பலசாலி. ஒரு வருஷம் காய்த்து ஓய்ந்ததைத் தை மாதம் ஒரு அடி விட்டு வெட்டி, மண்புழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் வைத்தால், மாசியில் துளிர்த்துக் கோடை முழுக்கக் காய்க்கிறது. மேல்வீட்டு மாமி இதைக் கேட்டுவிட்டுக் கத்திரி வெயில் நடுவில் வெட்டினார். நிழல் தர இலை இல்லாமல் தண்டு வெடித்து மூன்று செடியும் போய்விட்டன. "நீதானேம்மா வெட்டச் சொன்னே" என்று இன்னமும் சொல்கிறார்.

மல்லிகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்கழி ஆரம்பத்தில் இலை எல்லாவற்றையும் உருவி, கிளையைக் கவாத்து செய்துவிடுவேன். பார்க்கப் பரிதாபமாக இருக்கும். பங்குனியில் மொட்டு தொடங்கி, மற்ற செடியெல்லாம் சுருண்டு கிடக்கும் சித்திரையில்தான் இது கொத்துக் கொத்தாக வரும். மூன்று டிரம் வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மொட்டு பறிக்க மாடி ஏறும்போது தரை இன்னும் காலைச் சுடும், பூ குளிர்ச்சியாக இருக்கும். ஒருநாளைக்கு இரண்டு முழம் தேறும். ஒரு முழம் சாமிக்கு, ஒரு முழம் எதிர்வீட்டு அம்மாவுக்கு. 2020இலிருந்து போகிறது. பழைய பார்வையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை.

இப்போது கோடைக்கு முப்பத்திரண்டு பைகள்தான். மாசியிலேயே நோஞ்சான் செடிகளைப் பிடுங்கி உரக்குழிக்கு அனுப்பிவிடுகிறேன். காலியான பைகளில் பழைய மண்ணைக் கொட்டி வெயிலில் காயவைத்தால் அதுவும் ஒரு வேலைக்கு ஆயிற்று. பைகளில் விலை குறைந்தவை மூன்றாம் வருஷம் வெயிலில் பொடிந்து கையோடு வந்தன. கனமானவை ஐந்து தாண்டியும் நிற்கின்றன. நார்க்கழிவுக் கட்டியை இரண்டு நாள் ஊறவைத்து, பிழிந்து, மூன்று தண்ணீர் மாற்றிய பிறகே கலக்கிறேன். அதையும் மழைக்காலத்திலேயே செய்து மூட்டை கட்டிவிடுவேன். கோடையில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது?

தீராத பிரச்சினை அணில். தாகத்துக்குச் சொட்டு நீர்க் குழாயைக் கடித்து ஓட்டை போடுகிறது. போன வருஷம் பதினாறு இடத்தில் ஒட்டினேன். இந்தச் சித்திரையில் நிழலான மூலையில் ஒரு மண்சட்டி நிறைய தண்ணீர் வைத்து, தினமும் மாற்றுகிறேன். காகம் வந்து வடையை நனைத்துத் தின்கிறது, மைனா குளிக்கிறது, அணிலும் குடிக்கிறது. குழாய் இதுவரை மூன்று இடத்தில்தான் கடிபட்டிருக்கிறது.