7 நாளா, 30 நாளா, நாட்குறிப்பா? குடும்பச் செலவை அளக்கும் வழிகள்

ஏழைகள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை, குடும்பச் செலவைக் கேட்கும் வினாத்தாளில் "கடந்த 7 நாளில்" என்று அச்சிட்டோமா, "கடந்த 30 நாளில்" என்று அச்சிட்டோமா என்பதைப் பொறுத்தே மாறிவிடும். இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வில் 51 முதல் 54 வரையிலான சுற்றுகளில் (1994–98) இரண்டு வினாத்தாள்களைத் தனித்தனிக் குடும்பங்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஒன்றில் எல்லாவற்றுக்கும் 30 நாள். மற்றதில் உணவுக்கு 7 நாள். துணிமணி, படிப்பு, நீடித்து உழைக்கும் சாமான்கள் ஆகியவற்றுக்கு 365 நாள். மீதிக்கு 30 நாள். இரண்டாவது வினாத்தாளில் உணவுச் செலவு சுமார் 30 சதவீதமும் மொத்தச் செலவு சுமார் 17 சதவீதமும் கூடுதலாக வந்தன. அந்த 17 சதவீதமே வறுமை விகிதத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக்கப் போதுமாக இருந்தது. வறுமைக் கோட்டுக்குச் சற்று மேலேயும் கீழேயும் அவ்வளவு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

30 நாள் கேள்விக்கு எதிரி மறதி. கானாவில் அடிக்கடி வாங்கும் 13 பொருட்களை வைத்து நடந்த சோதனையில், நினைவுகூர வேண்டிய காலம் ஒரு நாள் நீண்டால் சொல்லப்படும் செலவு சராசரியாக 2.9 சதவீதம் குறைந்தது; இரண்டு வாரத்துக்குப் பிறகு இழப்பு சுமார் 20 சதவீதத்தில் நின்றுவிட்டது. அப்படியானால் 7 நாள்தான் சரி என்று தோன்றும். அதில் வேறொரு கோளாறு இருக்கிறது: ஒன்பது நாளைக்கு முன் வாங்கியதையும் "போன வாரம்தானே" என்று சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். 1950களில் புள்ளியியலாளர் மகலனோபிஸின் குழு மேற்கு வங்கத்தில் உணவை எடைபோட்டு ஒப்பிட்டபோது, மாதக் கணக்குதான் எடைக்கு நெருக்கமாக வந்தது. இந்தியா 30 நாளைப் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

7 நாளின் இன்னொரு சிக்கல் சராசரியில் தெரியாது, பரவலில் தெரியும். மாதம் ஒருமுறை 28 கிலோ அரிசி வாங்கும் நான்கு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். "7 நாளில் எவ்வளவு வாங்கினீர்கள்?" என்று கேட்டால் ஒரு வீட்டில் 28, மற்ற மூன்றில் பூஜ்யம். சராசரி 7 கிலோ, அது சரியே. ஆனால் மூன்று வீடுகள் பட்டினி கிடப்பதாகவும் ஒரு வீடு கொழிப்பதாகவும் தரவு சொல்லும். ஏற்றத்தாழ்வுக் குறியீடு வீங்கிப்போகும். கேள்வியை "எவ்வளவு சாப்பிட்டீர்கள்?" என்று மாற்றினால் நான்கு வீட்டிலும் 7 வரும். வாங்கியதையும் உண்டதையும் ஒரே கட்டத்தில் குழப்பும் வினாத்தாள்கள் இன்றும் புழங்குகின்றன. ஆய்வறிக்கையைப் படிக்குமுன் வினாத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

சைக்கிள், பள்ளிக் கட்டணம் போன்றவற்றில் நிலைமை தலைகீழ். 30 நாள் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகள் "இல்லை" என்று சொல்லும். 365 நாள் என்றால் மறதியால் சராசரி இறங்கும். ஆனாலும் அடித்தட்டு வீடுகளின் கணக்கில் பூஜ்யத்துக்குப் பதில் ஏதோ ஒரு தொகை ஏறும். சராசரி இறங்கியும் வறுமை குறைவது இப்படித்தான்.

நாட்குறிப்பு காகிதத்தில் பார்த்தால் மிகத் துல்லியம். பிரிட்டனில் குடும்பத்தினர் அன்றன்றைய செலவை இரண்டு வாரம் எழுதுகிறார்கள். சிறுவர்களுக்கும் எளிய படிவம் உண்டு. களத்தில் அது சோர்ந்துபோகும். முதல் வாரத்தைவிட இரண்டாம் வாரப் பதிவுகள் மெலியும். எழுதத் தெரியாத வீட்டில் கணக்கெடுப்பாளர் அடிக்கடி போகவில்லையென்றால், கடைசி நாளில் உட்கார்ந்து 14 நாளையும் ஒரே மூச்சில் கேட்டு நிரப்புவார். பெயர் நாட்குறிப்பு, உள்ளடக்கம் நினைவுக் கேள்வி. 2007–08இல் தான்சானியாவில் சுமார் 4,000 குடும்பங்களை எட்டு வடிவங்களுக்குக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தார்கள்: ஐந்து நினைவுக் கேள்விகள், மூன்று நாட்குறிப்புகள். ஒவ்வொருவருக்கும் தனி நாட்குறிப்பு கொடுத்து நெருக்கமாகக் கண்காணித்த வடிவமே அங்கே உரைகல். அந்தச் செலவில் ஒரு நாடு முழுக்க ஆய்வு நடத்த முடியாது.

பட்டியலின் நீளமும் கணக்கை மாற்றும். எல் சால்வடோரில் நீண்ட பட்டியலைக் கேட்ட வீடுகளின் செலவு, சுருக்கப் பட்டியல் வீடுகளைவிட 31 சதவீதம் அதிகமாக வந்தது. "காய்கறி" என்று ஒரே வரியில் கேட்டால், நாலு வெங்காயம் யாருக்கும் ஞாபகம் வராது.

எதைத் தேர்வது? ஒரு புது ஆய்வுத் தொடரைத் தொடங்குவதானால் எங்கள் ஓட்டு கலவைக்கு: காய்கறி, பழம், பால், மீன், இறைச்சிக்கு 7 நாள், மொத்தமாக வாங்கும் தானியத்துக்கு 30, எப்போதோ வாங்குவதற்கு 365. விலைக் குறியீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் எடைகளைக் கணிக்க மட்டும் நாட்குறிப்பு கூடுதல் செலவுக்கு ஈடாகும். அங்கே ஒவ்வொரு சில்லறைப் பொருளும் கணக்கு. உதவித்தொகைத் திட்டம் பலித்ததா என்று பார்ப்பவருக்கு, உதவி பெற்றவர், பெறாதவர் என இரு தரப்பிலும் பிழை ஒரே அளவில் இருந்தால் போதும், 7 நாள் தாராளம். ஆனால் உதவி பெற்ற வீடுகளுக்கு மட்டும் அதிகாரிகள் அடிக்கடி போய்க் கணக்கு கேட்டிருந்தால் அவர்களுக்கு நினைவு கூர்மையாகியிருக்கும். திட்டம் பலித்ததாகத் தெரிவதில் ஒரு பங்கு அதனால் வந்ததாக இருக்கலாம்.

ஏற்கெனவே ஓடும் தொடரில் இந்தத் தேர்வே பொருந்தாது. அங்கே ஆண்டோடு ஆண்டை ஒப்பிட, பிழையுள்ள பழைய அளவுகோல், துல்லியமான புதியதைவிட மேல். 2011–12க்கான இந்திய வறுமையை ஒருவருக்கு நாளொன்றுக்கு 1.90 டாலர் என்ற கோட்டில் உலக வங்கி கணக்கிட்டபோது, எல்லாவற்றுக்கும் 30 நாள் முறையில் 21.2 சதவீதம், மேலே சொன்னதைப் போன்ற கலவை முறையில் 12.4. ஆண்டும் ஒன்று, கோடும் ஒன்று.

அளவுகோலை மாற்றியே ஆகவேண்டும் என்றால், மாற்றும் விதத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 1999–2000இல் இந்தியாவின் 55ஆம் சுற்றில் உணவுக்கு 7 நாளையும் 30 நாளையும் ஒரே வீட்டிடம், பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் கேட்டார்கள். 7 நாளுக்கு 2 கிலோ என்று சொன்னவர் அடுத்த பத்தியில் 5 கிலோ என்று எப்படிச் சொல்வார்? நாலால் பெருக்கி 8 என்பார். அவர் தயங்கினால் கணக்கெடுப்பாளரே பெருக்கிவிடுவார். தனித்தனியே கேட்டபோது இருந்த 30 சதவீத இடைவெளி பெருமளவு கரைந்தது. 30 நாள் கணக்கு மேலே இழுபட, 1993–94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26.1 ஆக இறங்கியதாக அறிவிக்கப்பட்டது. அதில் எவ்வளவு நிஜம் என்ற சண்டை ஆண்டுக்கணக்கில் நீண்டது. எல்லாச் சுற்றிலும் 30 நாளுக்கே கேட்கப்பட்ட எரிபொருள் போன்ற இனங்களை மட்டும் பிடித்துக்கொண்டு பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் மறுகணக்குப் போட வேண்டியிருந்தது.

சரியான வழி 51–54 சுற்றுகளிலேயே இருந்தது. மாதிரியைக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய வினாத்தாள், மறு பாதிக்குப் புதியது. ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். ஒரே கணக்கெடுப்பாளர் இரண்டு வகை வீட்டுக்கும் போகவேண்டும், இல்லாவிட்டால் ஆள் வித்தியாசம் முறை வித்தியாசமாகத் தெரியும். பண்டிகை மாதமும் அறுவடையும் இரு பாதியிலும் சமமாக விழ, களப்பணி ஓராண்டு முழுக்க ஓடவேண்டும்.