மாடி அறையில் ஓர் அச்சுக்கட்டை வகுப்பு

வீட்டில் வகுப்பு நடத்தி, கூடவே பொருளும் விற்பவர்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். முன்பு ஓரிடத்தில் அரைமணி நேரம் செய்துகாட்டினார்கள். மீதி நேரமெல்லாம் பெட்டிகளைப் பிரித்து வாங்க வைத்தார்கள். அன்று வாங்கிய கட்டைகள் இன்னும் பரணில் கிடக்கின்றன.

சென்ற மாதம் வடபழனியில் போய்வந்த, மரக்கட்டையால் துணியில் அச்சிடும் வகுப்பு அப்படி இல்லை. ஒரு நாள், 6 பேர், மதியச் சாப்பாட்டோடு 1,800 ரூபாய். விற்பனை அலமாரியைச் சேலையால் மூடி வைத்திருந்தார் வகுப்பு நடத்திய அம்மா. சாப்பாடு முடியும்வரை அதைத் திறக்கவே இல்லை.

முதல் பாடம் மேசை. சாக்கு, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் பழைய வேட்டி. அடியில் மெத்தென்று இல்லாவிட்டால் கட்டையின் நடுப்பகுதி துணியில் பதியாது. பிறகு ஆளுக்கொரு வேட்டித் துண்டைக் கொடுத்து, "இதைப் பாழாக்குங்கள்" என்றார். என் பூக்கள் எல்லாம் ஓரத்தில் இழுபட்டுக் கலங்கின. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அசைக்காதே அம்மா. வைத்துவிட்டு, மேலே ஒரே தட்டு" என்றார். பதினொன்றாவது பூ சரியாக விழுந்தது. அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கட்டைகள் குஜராத்தின் பேத்தாப்பூரில் செதுக்கியவை, தேக்கு. விற்கும்போதுதான் அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது. மேசைமேல் ஒரு கண்ணாடிப் பலகையை வைத்து, ஒவ்வொரு கட்டையையும் அதில் கவிழ்த்து ஆட்டிப் பார்க்கச் சொன்னார். நான் ஆசைப்பட்ட பெரிய மாங்காய்க் கட்டை லேசாக ஆடியது, அடி சமமாக இல்லை. "இதை உனக்குத் தர மாட்டேன்" என்று அவரே எடுத்து வைத்துவிட்டார். கோட்டுக்கு ரேக், உள்நிறத்துக்குத் தத்தா, பின்னணிக்குக் கத் என ஒரே வடிவத்துக்கு மூன்று கட்டைகள் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ரேக் மட்டும் போதும் என்று மற்ற இரண்டையும் காட்டியதோடு நிறுத்திக்கொண்டார். 350 ரூபாய்க்கு ஒரு சிறிய பூக்கட்டை வாங்கினேன்.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். வண்ணத்தையும், அதைத் துணியில் ஒட்டவைக்கும் பைண்டரையும் சிறு புட்டிகளில் ஊற்றி விற்கிறார். பெயரும் இல்லை, தேதியும் இல்லை. பைண்டர் நாள்பட்டால் கெட்டியாகிவிடும். எப்போது ஊற்றியது என்று தெரியாமல் எப்படி வாங்குவது? நான் கேட்ட பிறகு பேனாவால் எழுதித் தந்தார். எல்லாப் புட்டியிலும் எழுதி ஒட்டுவது பெரிய வேலை இல்லை. மாடிப்படியும் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போகலாம்.

வீட்டுக்கு வந்து, ஒரு பருத்திச் சேலையைக் கஞ்சி போக அலசிக் காயவைத்து, முந்தானை முழுக்க அந்தப் பூவை அச்சிட்டேன். மறுநாள் பின்பக்கமாக இஸ்திரி போட்டேன். இதுவரை மூன்று முறை துவைத்தாகிவிட்டது, சாயம் இறங்கவில்லை. தத்தா வகுப்பு அடுத்த மாதம், பணம் கட்டிவிட்டேன்.