போடன்டேட், ரெக்ஸ்: இரண்டுமே மன்னனா?

ஆங்கிலத்தில் எப்போதாவது கண்ணில் படும் 'போடன்டேட்' (potentate, பெரும் வல்லமையோடு ஆள்பவர்) என்ற சொல்லை 'மன்னன்' என்று பெயர்த்துவிட்டால் பாதிப் பொருள் போய்விடும். மன்னனுக்கு லத்தீனில் 'ரெக்ஸ்' உண்டு. இரண்டும் வேறு வேர்.

'ரெக்ஸ்' பிறந்தது 'ரெகெரே' என்ற வினையோடு: நேராகச் செலுத்துதல். கோடு போடும் கோலுக்கான 'ரெகுலா', நேரானதைச் சொல்லும் 'ரெக்டுஸ்' எல்லாம் அதே குடும்பம். தமிழ் படித்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அளப்பதும் கோல், ஆள்வதும் கோல். நேராக நின்றால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். வேர்கள் வேறு, எண்ணம் ஒன்று. சமஸ்கிருத 'ராஜன்' மட்டும் ரெக்ஸுக்கு உண்மையிலேயே பங்காளி.

'போடன்டேட்' வேறு வழி. 'பொஸ்ஸே' என்றால் இயலுதல். அதிலிருந்து 'பொடென்ஸ்', வல்ல. அதிலிருந்து 'பொடென்டாட்டுஸ்', வல்லமை. வல்லமையின் பெயரே பிறகு வல்லவனுக்கு ஆகிவந்தது. 'கட்சித் தலைமை முடிவெடுக்கும்' என்கிறோமே, அதே ஆகுபெயர்தான். ஆக, இந்தச் சொல்லில் நெறியும் இல்லை, முடியும் இல்லை. கையில் இருக்கும் பலம் மட்டுமே.

ரோமில் ரெக்ஸ் பழிச்சொல்லாகவே ஆகிவிட்டது. கி.மு. 509-இல் மன்னனைத் துரத்தினோம் என்பது அவர்கள் மரபு. அதனால்தான் ரோமின் முதல் பேரரசரான அகஸ்டஸ் முழு அதிகாரம் வைத்திருந்தும் 'பிரின்கெப்ஸ்', அதாவது முதலிடத்தான், என்ற பெயரோடு நின்றார். 'இம்பெராடோர்' வெற்றி பெற்ற தளபதியைப் படைவீரர் வாழ்த்திய பெயர். பேரரசன் என்ற பொருள் பிற்பாடு ஏறியது.

பெயர்ப்பில் எங்கே இடறும் என்பதற்கு 1 தீமோத்தேயு 6:15 நல்ல இடம். 1611 ஆங்கில விவிலியத்தில் அங்கே கடவுளுக்கு 'போடன்டேட்' என்ற பட்டம்; கிரேக்க மூலத்தின் 'டுனாஸ்டேஸ்' என்பதும் 'இயலுதல்' வேரே. அடுத்த சொல்லே 'ராஜாதி ராஜா'. முன்னதையும் 'ராஜா' என்று போட்டால் இரண்டு பட்டங்கள் ஒன்றாகிவிடும். பழைய தமிழ்ப் பெயர்ப்பு 'ஏக சக்கராதிபதி' என்று பிரித்துக் காட்டியது அருமையான தேர்வு.

செய்தி எழுதுவோருக்கு 'அதிபதி' போதும். 'அதிபர்' என்றால் குடியரசுத் தலைவராகிவிடும். 'சர்வாதிகாரி' டிக்டேட்டருக்கு உரியது. இன்னொன்று: இன்றைய ஆங்கிலத்தில் போடன்டேட் என்பதில் ஆடம்பரம், அடாவடி என்ற சாயலும் ஒட்டியிருக்கிறது. மதிப்போடு ஓர் அரசரைக் குறிப்பிடும் கடிதத்தில் அதைப் போடக் கூடாது.