ஆன்சரிங் மெஷினா, வாய்ஸ் மெயிலா?

வீட்டுத் தொலைபேசியை எடுக்க ஆளில்லாதபோது அழைப்பவரின் குரலைப் பதிந்து வைக்க மூன்று வழிகள் உண்டு: கேசட் மெஷின், டிஜிட்டல் மெஷின், தொலைபேசி நிறுவனம் தரும் வாய்ஸ் மெயில். எது எப்படிப் பழுதாகிறது என்று பார்த்துத்தான் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன்.

கேசட் மெஷினின் கோளாறு கண்ணுக்குத் தெரியும். குரல் இழுத்து இழுத்து வந்தால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். மங்கலாகக் கேட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிஜிட்டலில் தேய்வதற்கு பெல்ட்டும் இல்லை, நாடாவும் இல்லை. நினைவகம் நிரம்பினால் புதிய செய்தியை ஏற்காது. பழையதை அழித்தால் தீர்ந்தது. சில மாடல்களில் மின்சாரம் போனால் அழைப்பவர் கேட்கும் வரவேற்புரையும் நேரமும் அழிந்துவிடும். அவற்றைக் காப்பது அடியில் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி. அதை மாற்ற நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு.

இரண்டு மெஷின்களையும் படுத்துவது வேறொன்று. அழைத்தவர் வைத்த பிறகும் வெறும் டோன் பதிவாகிக்கொண்டே இருக்கும். அவர் வைத்ததும் தொலைபேசி நிலையம் லைனில் மின்னோட்டத்தை ஒரு கணம் துண்டிக்க வேண்டும். மெஷின் நிற்பது அந்தச் சைகையைக் கண்டுதான். சைகை வராவிட்டால் மெஷின் மௌனத்துக்காகக் காத்திருக்கும். டோனோ மௌனம் அல்ல. அதனால் செய்தி நீளத்தின் வரம்பை ஒரு நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.

வாய்ஸ் மெயில் லைன் பிஸியாக இருந்தாலும், வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டாலும் பதிந்துகொள்ளும். இது மெஷினால் ஆகாத காரியம். ஆனால் பல போன்களில் செய்தி வந்ததற்கு விளக்கு எரியாது. ரிசீவரை எடுத்து, டயல் டோன் விட்டுவிட்டு ஒலிக்கிறதா என்று கேட்க வேண்டும்.

மெஷினும் வாய்ஸ் மெயிலும் ஒரே லைனில் இருந்தால்தான் பெருங்குழப்பம். மெஷின் ஆறாவது மணிக்கு எடுக்கும்படி இருக்க, வாய்ஸ் மெயில் அதற்கு முன்பே எடுத்துவிடுகிறது. மெஷின் செத்துவிட்டது என்று நல்ல மெஷினைத் தூக்கி எறிகிறார்கள்! மணி எண்ணிக்கையை இரண்டு அல்லது நான்காகக் குறைத்தால் போதும்.

பிரிட்டனில் பழைய தொலைபேசி இணைப்புகளை 2027 ஜனவரிக்குள் நிறுத்திவிடத் திட்டம். அங்கே இணையவழித் தொலைபேசிக்கு மாறிய வீடுகளில் மெஷினைச் சுவர் சாக்கெட்டில் அல்ல, ரவுட்டரில் செருக வேண்டும். மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே அணையும்.

அதனால் என் தேர்வு, நான்காவது மணிக்கு எடுக்கும் டிஜிட்டல் மெஷின். அதற்குத் துணையாக வாய்ஸ் மெயில். கேசட் மெஷினை வைத்திருக்க ஒரு நியாயம் உண்டு: பிரியமானவர்களின் குரலை நாடாவோடு கழற்றிப் பத்திரப்படுத்தலாம்.