அந்தப் பச்சைப் பட்டை: ஓட்டக்காரர் வாட்ச், மூன்றரை வருடத்துக்குப் பிறகு

"அக்கா, நீங்க கட்டியிருக்கீங்களே, அந்த வாட்ச் ஏழாயிரம் ரூபாய் குறைஞ்சிருக்கு. வாங்கிடலாமா?"

கிரவுண்டில் என்னோடு ஓடும் பெண் போன வாரம் கேட்டாள். வயது 17. 1500 மீட்டர் ஓடுகிறாள், நன்றாகவே ஓடுகிறாள். அவள் அப்பா போனஸ் பணத்தில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அங்கேயே நின்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "எழுதி அனுப்புறேன்மா" என்றேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. சரி, மற்றவர்களும் படிக்கட்டும்.

பேட்டரி எத்தனை நாள், தண்ணீரில் எத்தனை மீட்டர் தாங்கும் என்பதெல்லாம் விற்பவர்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கம்பெனி பெயரும் வேண்டாம். 25 ஆயிரத்துக்கு மேல் விற்கும் ஓட்டக்காரர் வாட்சுகள் பெரும்பாலானவற்றில் பயிற்சியால் உடம்புக்கு எவ்வளவு சுமை, எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று சொல்லும் ஒரு கணக்கு, பயிற்சி லோடு, ரெக்கவரி நேரம் என்று ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. நான் 5000 மீட்டரும் ரோட்டில் 10 கி.மீ.யும் ஓடுபவள். இந்த வாட்சைக் குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. மூன்றரை வருடத்தில் இரண்டு ஸ்ட்ராப் அறுந்தது, ஒரு சார்ஜர் வயர் போனது. அவ்வளவுதான் ரிப்பேர்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தூரம் சரியாகக் காட்டுகிறது. இன்டர்வல் (வேகமாக ஓடி, கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி ஓடுவது) ஓடும்போது மணிக்கட்டில் அதிர்ந்து நேரம் சொல்வது ஒரு சுகம், கோச் விசிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட வேண்டாம். எல்லாவற்றையும்விட, விடியற்காலை பல்ஸ். எனக்குப் படுக்கையில் 46, 47 இருக்கும். இரண்டு வருடம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை 55 காட்டியது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை, அன்றைக்கு ட்ராக் வொர்க்அவுட் வேறு. மனசு கேட்காமல் படுத்துவிட்டேன். புதன் இரவு காய்ச்சல் அடித்தது, டெங்கு. அந்தக் காலை ஸ்பைக்ஸ் மாட்டி எட்டு முறை 400 ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப்பார்ப்பதுண்டு. அந்த ஒரு காலைக்காக இந்த வாட்சுக்கு நான் நன்றி உள்ளவள்.

இன்டர்வலின்போது மணிக்கட்டு பல்ஸை நம்ப வேண்டாம். பச்சை விளக்கு ரத்த ஓட்டத்தைப் பார்த்து எண்ணுவது அது. வேகமாகக் கை வீசும்போது காலடி எண்ணிக்கையைப் பல்ஸ் என்று பிடித்துக்கொள்ளும். வார்ம்-அப்பிலேயே 178 காட்டினால் அது உங்கள் இதயம் இல்லை, உங்கள் கால். மார்பில் கட்டும் பெல்ட் போட்டால் சரியாகிவிடும். பெல்ட்டுக்குத் தனிக் காசு, வியர்வையில் தோலும் உரியும்.

இனி அந்தப் பச்சைப் பட்டைக்கு வருகிறேன்.

லோடு பக்கத்தைத் திறந்தால் ஒரு பட்டை இருக்கும். கீழே நீலம் வந்தால் "குறைவு", நடுவில் பச்சை வந்தால் "உகந்தது", மேலே சிவப்பு வந்தால் "அதிகம்". ஒவ்வொரு ஓட்டத்திலும் இதயம் எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் துடித்தது என்பதை வைத்து ஒரு எண் போடுகிறது. கடைசி ஏழு நாள் எண்ணைக் கடந்த நாலு வாரச் சராசரியோடு ஒப்பிட்டு நிறம் காட்டுகிறது. இந்த ஒப்பீடு விளையாட்டு மருத்துவத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. ஆஸ்திரேலிய விளையாட்டு ஆராய்ச்சியாளர் டிம் கேபட் ரக்பி ஆட்டக்காரர்கள், கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர்கள் போன்றவர்களின் கணக்கை வைத்து 2016-ல் எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் போனது. கடைசி வாரத்தை அந்தச் சராசரியால் வகுத்தால் வரும் விகிதம் 0.8 முதல் 1.3 வரை இருந்தால் நல்லது, 1.5 தாண்டினால் ஆபத்து என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். அப்புறம் பிராங்கோ இம்பெல்லிசேரி போன்ற ஆராய்ச்சியாளர்கள் அந்த விகிதத்தைப் பிரித்துப்போட்டு, காயத்தை முன்கூட்டிச் சொல்ல இதை நம்ப முடியாது என்று கடுமையாக மறுத்தார்கள். அந்த மறுப்பு என் காதுக்கு வந்தபோது என் கால் ஏற்கெனவே உடைந்திருந்தது.

இரண்டாவது வருடம் நவம்பர் கடைசி. சென்னையில் மே மாதக் காலையில் 10 கி.மீ. மெதுவாக ஓடினாலே எனக்குப் பல்ஸ் 158 இருக்கும், அவ்வளவு புழுக்கம். மார்கழி நெருங்கியதும் அதே வேகத்தில் 144. வெயிலும் புழுக்கமும் குறைந்ததால் இதயத்துக்கு வேலை குறைந்தது, வேறொன்றும் இல்லை. வாட்ச் என்ன சொன்னது தெரியுமா? "குறைவு. உடல்தகுதி இறங்குகிறது." ஜனவரியில் ரேஸ், பிப்ரவரியில் ஸ்டேட் மீட். நீலத்தைப் பார்த்துப் பதறிக் கிலோமீட்டரைக் கூட்டினேன். வாரம் 62 கி.மீ. ஓடியவள் அடுத்த வாரம் 70, அதற்கடுத்து 78, பிறகு 88. பட்டை பச்சைக்கு வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்த நாலு எண்ணை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள். சராசரி 74.5. 88-ஐ அதனால் வகுத்தால் 1.18. அந்தக் கட்டுரையின் அளவுகோலில்கூட நல்ல பிள்ளைதான். ஆனால் 62-லிருந்து 88 என்பது மூன்றே வாரத்தில் 42 சதவீத ஏற்றம். கூட்டிய வாரமும் சராசரிக்குள் சேர்ந்துவிடுவதால் சராசரியும் கூடவே ஏறி ஏற்றத்தை மறைத்துவிடுகிறது.

இன்னொன்றும் நடந்தது. வடகிழக்குப் பருவமழையில் எங்கள் மண் கிரவுண்டு குளமாகிவிட்டது. அதனால் விடியற்காலை நாலரை மணிக்குப் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் ஓடினேன். மண்ணில் பழகிய கால், திடீரென்று முழுக்கத் தார். இதயத்துக்கு மண்ணும் தாரும் ஒன்றுதான், கணைக்கால் எலும்புக்கு அப்படி இல்லை. எலும்பின் வேலை எப்படி என்று பிறகு பிசியோதெரபிஸ்ட் சொன்னார். நெருக்கடி கூடினால் அது முதலில் நைந்த இடத்தைக் கரைக்கும், அதற்கு மூன்று வாரம் போல ஆகும். பிறகுதான் புதிதாகக் கட்டும், அது மாதக் கணக்கில் போகும். கரைத்து முடித்துக் கட்ட ஆரம்பிக்கும் அந்த இடைவெளியில் எலும்பு முன்பைவிட மெலிந்து நிற்கும். நான் 88 ஓடியது சரியாக அந்த வாரத்தில்.

கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, உட்புறம், ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் வலி. ஐஸ் வைத்தேன். வாட்சைப் பார்த்தேன், பச்சை. ரெக்கவரி 14 மணி நேரம் என்றது, நான் 24 மணி நேரம் கொடுத்துவிட்டு ஓடினேன். பதினோராம் நாள் படி இறங்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை; இந்த விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாதாம். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். ஜனவரியும் பிப்ரவரியும் போயின.

இதில் என்னால் மன்னிக்க முடியாதது வேறு. விரிசல் வருவதற்கு முந்தைய மூன்று மாதமும் எனக்கு மாதவிடாய் வரவில்லை. அந்த வாட்சின் ஆப்பிலேயே அதைக் குறித்துவைக்கும் பக்கம் இருக்கிறது, நானும் ஒழுங்காகக் குறித்துவந்தேன். "தாமதம், 61 நாள்" என்று ஒரு பக்கத்தில் காட்டியது. விரலால் ஒருமுறை தள்ளினால் அடுத்த பக்கத்தில் "உகந்தது". ஒரே ஆப், ஒரே உடம்பு, இரண்டு பக்கத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கிரவுண்டில் சீனியர்கள் சிலர் "நின்னுடுச்சுன்னா நல்ல ஃபார்ம்ல இருக்கேன்னு அர்த்தம்" என்பார்கள். நானும் அதை நம்பியிருந்தேன். அது அப்படி இல்லை. ஓட்டத்துக்குச் செலவானதுபோக உடம்பு தன்னைப் பார்த்துக்கொள்ளப் போதிய சாப்பாடு மிஞ்சவில்லை என்பதற்கு அது அடையாளம். அந்த நிலையில் எலும்பும் மெலியும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்து எச்சரித்தது, 2023-ல் மறுபடி விரிவாக வெளியிட்டது. ஆண்களுக்கும் வரும், அவர்களுக்கு மாதா மாதம் இப்படி ஒரு அடையாளம் இல்லை என்பதுதான் வித்தியாசம். இதைப் படிக்கும் தங்கைகள் யாருக்காவது நின்றிருந்தால் தயவுசெய்து இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

காலடிகளையும் வாட்ச் எண்ணித்தான் வைத்திருந்தது. 62 கி.மீ. ஓடிய வாரத்தைவிட 88 ஓடிய வாரத்தில் எனக்குச் சுமார் 25 ஆயிரம் அடிகள் கூடுதல். ஒவ்வொரு அடியிலும் உடம்பு எடையின் இரண்டு, மூன்று மடங்கு தரையிலிருந்து திரும்பி வரும். கையில் வைத்திருந்த அந்த எண்ணை நிறம் போடும்போது அது பார்க்கவே இல்லை. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு எத்தனை பந்து போட்டார்கள் என்று எண்ணுகிறார்கள். 2025 இங்கிலாந்துத் தொடரில் பும்ரா ஐந்து டெஸ்டில் மூன்றுதான் ஆடுவார் என்று முன்பே முடிவானபோது நம் ஆட்கள் எவ்வளவு கோபப்பட்டார்கள்! 2019-லேயே முதுகில் விரிசல் கண்டவர் அவர். முதுகில் இறங்குவது பந்துவீச்சு, அதனால் பந்தை எண்ணுகிறார்கள். ஓட்டக்காரியின் எலும்பில் இறங்குவது அடி, என் வாட்சோ இதயத்தை எண்ணிவிட்டு "பயிற்சி லோடு" என்று பெயர் வைத்திருக்கிறது. அதை "இதய லோடு" என்று எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

நியாயமாகவும் பேச வேண்டும். இது மருத்துவக் கருவி அல்ல என்று கையேட்டில் போட்டிருக்கிறது. வலித்தது என் கால், ஓடியதும் நான்தான். வாட்ச் இல்லாத காலத்திலும் எங்கள் கிரவுண்டில் கால் உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. இதெல்லாம் சரி. ஆனாலும் எட்டு வாரம் ஓடாமல் நீச்சல் குளத்தில் மிதந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தபோது, தினமும் காலையில் "உடல்தகுதி இறங்குகிறது" என்று அது காட்டியதே, அதை என்ன சொல்ல? அடிபட்டிருக்கிறேன் என்று அதனிடம் சொல்ல என் மாடலில் ஒரு பட்டன் கிடையாது. ஒரு நாள் குளத்தங்கரையில் அதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

அந்த எட்டு வாரத்தில் பிசியோ ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். அமெரிக்க ஆராய்ச்சியாளர் கார்ல் ஃபாஸ்டர் 1990-களில் கொண்டுவந்தது. பயிற்சி முடிந்து அரைமணி கழித்து, எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு எண் போடு, அதை நிமிடத்தால் பெருக்கு. ஒரு மணி நேரம், கஷ்டம் 7 என்றால் 420. ஜிம்மில் ஸ்குவாட் அடித்ததும் இதில் சேரும், வாட்சின் கணக்கில் அது அனேகமாக வராது. நான் பக்கத்திலேயே தூக்கம், மாதவிடாய், கால் வலி, ஓடிய தரை எல்லாம் எழுதுகிறேன். 40 ரூபாய் நோட்டுப் புத்தகம். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு வாரம்கூடப் பயிற்சி நிற்கவில்லை. நோட்டுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். சாப்பாடு கூடியிருக்கிறது, மாதவிடாய் ஒழுங்காகியிருக்கிறது, கூட்டும் வேகமும் குறைந்திருக்கிறது.

தூக்கத்தைப் பற்றி, 17 வயது உனக்கு மட்டும் ஒரு வார்த்தை. பள்ளி வயது விளையாட்டு வீரர்களை வைத்து 2014-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது. நீ டியூஷன் முடிந்து பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்குக் கிரவுண்டுக்கு வருகிறாய். அதைத் தெரிந்துகொள்ள வாட்ச் வேண்டாம். அசையாமல் படுத்துக்கொண்டு போன் பார்த்தால் அதையும் தூக்கம் என்றுதான் என் வாட்ச் எழுதிக்கொள்கிறது.

அதனால் பதில் இது: வாங்காதே. அப்பாவின் பணத்தில் நல்ல ஷூ இரண்டு ஜோடி எடு, மிச்சத்துக்குத் தினமும் முட்டையும் வேர்க்கடலையும் பாலும். ரத்தத்தில் இரும்புச்சத்தும் வைட்டமின் டி-யும் ஒரு தடவை பார்த்துவிடு, எனக்கு இரண்டும் குறைவாகத்தான் இருந்தது. நோட்டு நான் வாங்கித் தருகிறேன்.

என்னுடையதற்கு மூன்றாவது ஸ்ட்ராப் நேற்று வந்தது, மாட்டிவிட்டேன். லோடு பக்கத்தை முகப்பிலிருந்து எடுத்துவிட்டேன், காலைப் பல்ஸ் மட்டும் இருக்கிறது. விற்கும் எண்ணம் இல்லை. சனிக்கிழமை உனக்கு 800 ஆறு முறை இருக்கிறது இல்லையா, கோச் ஊரில் இல்லை. வாட்சைக் கழற்றித் தருகிறேன், லேப்புக்கு லேப் அதிரும்படி வைத்து ஓடு. முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடு.